அம்மாவை அழைத்துக்கொண்டு சிறைக்கு மனு பார்க்கப் போகலாமா?

கேள்வி: கடலூர் முதுநகரில் இருக்கிறேன். என் தங்கை வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. ஒரு போராட்டத்தில் கலந்துகொண்டதற்காக உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்பு) சட்டத்தில் கைது செய்து, அந்த மாநிலத்துப் பெண்கள் சிறையில் வைத்திருக்கிறார்கள். ஒன்றரை வருஷம் ஆகிறது, விசாரணை இன்னும் தொடங்கவில்லை. அவளுடைய ஐந்து வயது மகள் என்னிடம்தான் வளர்கிறாள். ஒரே ஒரு முறை போய்ப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று போனில் பேசினாள். தமிழில் பேசக் கூடாது என்று வார்டர் அம்மா தடுத்தார். பத்து நிமிஷத்தில் லைனை நிறுத்திவிட்டார்கள். ‘தனி ரூம்லதான் இருக்கேன், நல்லாத்தான் இருக்கேன்’ என்றாள். கையெல்லாம் சொறி. நாளெல்லாம் பூட்டியே வைத்திருக்கிறார்கள், சோப்பும் நாப்கினும்கூடச் சரியாகக் கிடைப்பதில்லை என்று வழக்கறிஞர் மூலம் பிறகு தெரிந்தது. அம்மாவுக்கு 67 வயது, சர்க்கரை. ‘ஒரு தடவையாவது அவளப் பாத்துடணும்’ என்கிறார். சொந்தக்காரர்களோ, ‘போனா உங்க பேரும் லிஸ்ட்ல ஏறிடும், ஜாமீன் கெடைக்கட்டும்’ என்கிறார்கள். போகலாமா? குழந்தையை அழைத்துப் போகலாமா? உள்ளே நடப்பதை வெளியே சொன்னால் அவளுக்கு ஆபத்தாகுமா? தமிழ்நாட்டுச் சிறைக்கு மாற்ற முடியுமா?
– ஒரு அக்கா, கடலூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

போங்கள். அம்மாவையும் அழைத்துக்கொண்டு இந்த மாதமே போங்கள். உங்களுடைய மற்றக் கேள்விகளுக்குக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். இதற்கு மட்டும் யோசிக்க ஒன்றுமில்லை.

ஜாமீன் வரட்டும், வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் சொந்தக்காரர்கள் ஏதோ அடிதடி வழக்கை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். உபா அப்படியில்லை. குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை என்று நம்ப இடமிருந்தாலே ஜாமீன் தரக் கூடாது என்கிறது அதன் 43டி(5) பிரிவு. குற்றப்பத்திரிகை போடவே 180 நாள் வரை அவகாசம் வாங்கலாம். பீமா கோரேகான் வழக்கில் 2018 ஆகஸ்டில் கைதான வழக்கறிஞர் சுதா பரத்வாஜ் 2021 டிசம்பரில்தான் வெளியே வந்தார். அதே வழக்கில் 2018 ஜூனில் கைதான பேராசிரியர் ஷோமா சென்னுக்கு உச்ச நீதிமன்றத்தில் ஜாமீன் கிடைக்க 2024 ஏப்ரல் ஆயிற்று. விசாரணை முடிவில்லாமல் இழுக்கும்போது உபா வழக்கிலும் நீதிமன்றம் ஜாமீன் தரலாம் என்று 2021-இல் நஜீப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் வழக்கறிஞர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளட்டும். ஆனால் அம்மா மகளைப் பார்ப்பதை அந்த ஜாமீனோடு முடிச்சுப் போடாதீர்கள். நடாஷா நர்வாலை நினைத்துப் பாருங்கள். தில்லி மாணவி, உபா வழக்கில் சிறையில் இருந்தார். அப்பாவுக்குக் கொரோனா என்று தெரிந்து, போய்ப் பார்க்க இடைக்கால ஜாமீன் கேட்டிருந்தார். 2021 மே 9 அன்று அப்பா மகாவீர் நர்வால் இறந்துபோனார். மூன்று வார ஜாமீன் மறுநாள்தான் கிடைத்தது.

இன்னொரு காரணம், என் மனதில் இதுதான் முதல் காரணம். சிறைக்குள் ஒரு பெண்ணை எப்படி நடத்துகிறார்கள் என்பது, அவளைத் தேடி ஆள் வருகிறதா என்பதைப் பொறுத்து மாறும். தவறாமல் மனு பார்க்க, அதாவது சிறையில் சந்திக்க, வரும் குடும்பம் இருந்தால், காய்ச்சல் என்றதும் டாக்டரிடம் அழைத்துப்போவார்கள். அடுத்த முறை வருகிறவர்கள் ‘என்ன மாத்திரை கொடுத்தீங்க?’ என்று கேட்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். ஆள் வராத கைதியின் காய்ச்சல் தானாக இறங்கும் வரை காத்திருக்கும். ஆண்கள் சிறை வாசலில் மனைவி, அம்மா, அக்கா என்று வரிசை நிற்கும். பெண்கள் சிறை வாசலில் அந்த வரிசை எப்போதும் சின்னது. பெண் ஜெயிலுக்குப் போனால் பாதிக் குடும்பம் அவளை எழுதிக் கழித்துவிடுகிறது. அரசியல் வழக்கு என்றால் மீதிப் பேரும் பயந்து ஒதுங்குகிறார்கள். அதனால் உங்கள் அம்மா போய் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் உட்காருவதே உங்கள் தங்கைக்குப் பாதுகாப்பு. ஒன்றுமே பேசாமல் திரும்பி வந்தாலும் அது வீண்போகாது.

‘லிஸ்ட்ல பேர் ஏறிடும்’ என்ற பயம். ஆமாம், பார்வையாளர் பதிவேட்டில் பெயர், முகவரி, உறவு எல்லாம் ஏறும். 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டக் காலத்திலிருந்து அது வழக்கம். திருட்டு வழக்குக் கைதியைப் பார்க்கப் போனாலும் அதே பதிவேடுதான். தங்கையைப் பார்த்தது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை. ஒருவேளை யாராவது விசாரணைக்கு என்று கூப்பிட்டால், எழுத்துமூலமான சம்மன் கேளுங்கள். சாட்சியாக விசாரிப்பதென்றால், பெண்ணை அவள் வசிக்கும் இடத்துக்கு வெளியே வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவு. உங்களுக்கும் பொருந்தும், அம்மாவுக்கும் பொருந்தும். இதைத் தெரிந்துவைத்துக்கொண்டாலே பயம் பாதி குறையும்.

ஊரில் பேர் கெட்டுவிடும் என்று பேசுகிறவர்கள் முதுநகர்க்காரர்களாக இருந்தால், அவர்களுக்குச் சுதந்திரப் போராட்ட வீராங்கனை அஞ்சலை அம்மாளை ஞாபகப்படுத்துங்கள். உங்கள் முதுநகரில் பிறந்தவர். 1927-இல் சென்னையில் பிரிட்டிஷ் தளபதி நீலின் சிலையை அகற்றக் கோரிய போராட்டத்துக்கு ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு போனவர். பிறகு ஒரு முறை வயிற்றுப் பிள்ளையோடு வேலூர் சிறைக்குப் போனார். பிரசவத்துக்கு வெளியே விட்டார்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் சிறைக்கே திரும்பினார். அந்தப் பிள்ளைக்கு ‘ஜெயில் வீரன்’ என்றே பேர். அப்படிப்பட்ட ஊரில், ஜெயிலில் இருக்கும் பெண்ணைப் பார்க்கப் போவதற்கு நீங்கள் ஏன் கூனிக் குறுக வேண்டும்?

சட்டம் உங்கள் பக்கம் எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பதற்கு ஒரே ஒரு தீர்ப்பைச் சொல்கிறேன். 1981 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிரான்சிஸ் கோராலி முல்லின் வழக்கு. அவர் அரசியல் கைதி அல்ல, கடத்தல் தடுப்புச் சட்டத்தில் தில்லி திகார் சிறையில் வைக்கப்பட்டிருந்தவர். அவருக்கும் ஐந்து வயதில் ஒரு மகள். அந்தக் குழந்தையை வளர்த்தது அவருடைய சகோதரி. இருவரும் மாதத்துக்கு ஒரே ஒரு முறைதான் பார்க்கலாம் என்று வைத்திருந்தார்கள். நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பு அது செல்லாது என்றது. உறவினர், நண்பர்களை வாரத்துக்கு இரண்டு முறையாவது பார்க்க விட வேண்டும் என்றது. உயிர் வாழும் உரிமை என்றால் மனித மாண்போடு வாழ்வது, குடும்பத்தாரோடு பேசிப் பழகுவது எல்லாம் அதற்குள் அடக்கம் என்றது. வழக்கறிஞர் சந்திப்பில் அதிகாரி கண்ணுக்கு எட்டும் தூரத்தில் நிற்கலாம், காதுக்கு எட்டும் தூரத்தில் நிற்கக் கூடாது என்றும் சொன்னது. விசாரணையே தொடங்காத உங்கள் தங்கையின் சந்திப்பைக் குறைப்பதாக இருந்தால், எந்த விதிப்படி என்று சிறை நிர்வாகம் எழுதித் தர வேண்டும். வாயால் சொல்வதை ஏற்றுக்கொண்டு திரும்பிவிடாதீர்கள்.

இனிப் போகிற ஏற்பாடு. நம் ஊர் ஆட்கள் வெளிமாநிலச் சிறை வாசலில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் பெயரில்தான். நமக்கு இனிஷியல், அவர்களுக்குக் குடும்பப் பெயர். தங்கையின் ரிமாண்ட் உத்தரவில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, அம்மாவின் ஆதாரில் கணவர் பெயர் இன்னொரு மாதிரி இருக்கும். ‘நீ இவளுக்கு அம்மா என்பதற்கு என்ன ஆதாரம்?’ என்று கேட்டால், குடும்ப அட்டையைக் காட்டுவோம். அது தமிழில் இருக்கும். அவ்வளவு தூரம் போய் வாசலோடு திரும்பியவர்கள் உண்டு. எனவே கிளம்பும் முன் கடலூரிலேயே ஒரு நோட்டரியிடம் போய், உறவுமுறையையும் பெயர் வித்தியாசத்தையும் சொல்லும் அஃபிடவிட் ஒன்றை ஆங்கிலத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். தங்கையின் பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ் நகலையும் சேர்த்து வையுங்கள். சிறைப் பதிவில் அவள் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ, எழுத்துப் பிசகாமல் அப்படியே பதிவு செய்ய வேண்டும். பல மாநிலங்களில் இ-முலாகாத் என்ற சிறைச் சந்திப்பு இணையதளம் வழியாகவே நாள் குறிக்கிறார்கள். அங்கே வாசலில் கேட்கும்போதும் ‘முலாகாத்’ என்றே கேளுங்கள். முன்பதிவு இருந்தாலும், ரயில் டிக்கெட் எடுக்கும் முன் சிறைக்குப் போன் செய்து அன்றைக்குப் பார்வையாளரை விடுகிறார்களா என்று உறுதிப்படுத்துங்கள். தேர்தல், பண்டிகை, உள்ளே சோதனை என்று ஏதாவது காரணத்தில் நிறுத்திவிடுவார்கள்.

வாசலில் பெண் காவலர் உடம்பைத் தடவிச் சோதிப்பார். அம்மாவிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த இடத்தில்தான் பல தாய்மார்கள் உடைந்துபோகிறார்கள். புடவைக்கு ஊக்கு வேண்டாம், நகை வேண்டாம். இயக்கத்துத் துண்டறிக்கை, யாரோ கொடுத்துவிட்ட சீட்டு, ‘தோழர்கள் சொல்லச் சொன்னது’ என்று ஒன்றையும் கொண்டுபோகாதீர்கள். மறைபொருளாகப் பேசும் வித்தையும் வேண்டாம், அதுவே நாளைக்குக் குற்றப்பத்திரிகையில் ஒரு வரியாக வரும். வழக்கு விவரம், சாட்சி விவரம் எதையும் அந்தப் போனில் பேசக் கூடாது. அதெல்லாம் வழக்கறிஞர் வேலை.

தமிழில் பேசத் தடுத்தது உங்களை ரொம்ப நோகடித்திருக்கிறது என்று கடிதத்திலேயே தெரிகிறது. அது நியாயமான வலி. காவலருக்குப் புரிய வேண்டும் என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம். அப்படியானால் தமிழ் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக் கேட்கட்டும், 67 வயதில் அம்மா இந்தி கற்றுக்கொண்டு மகளிடம் பேச முடியாது. வழக்கு நடக்கும் நீதிமன்றத்திலேயே, தாய் தன் மொழியில் பேச அனுமதிக்க வேண்டும் என்று உங்கள் வழக்கறிஞர் ஒரு சிறு மனு போட்டு உத்தரவு வாங்கலாம். உத்தரவு நகலோடு போனால் வாசலில் வாக்குவாதம் இருக்காது. முடிந்தால் அந்த உத்தரவோடு அம்மாவைக் கூட்டிப்போங்கள், தாமதமானால் அதற்காகப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

அந்தப் பத்து நிமிஷத்தில் என்ன பேசுவது? ‘எப்படி இருக்கே?’ என்று கேட்டால் ‘நல்லாருக்கேன்’ என்றுதான் பதில் வரும். பின்னால் காவலர் நிற்கிறார், முன்னால் அம்மா நிற்கிறார், வேறென்ன சொல்வாள்? அதனால் சின்னச் சின்னதாய்க் கேளுங்கள். நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டே? எத்தனை மணிக்கு அறையைத் திறக்கிறாங்க? குளிக்கத் தண்ணி எத்தனை பக்கெட்? கடைசியா டாக்டரைப் பார்த்தது எப்போ? மாதவிலக்கு ஒழுங்கா வருதா? வெயில்ல நடக்க விடறாங்களா? இவற்றில் ஒன்றும் ரகசியமில்லை, யாரும் தடுக்க முடியாது. பதில்களைச் சேர்த்துப் பார்த்தால் உள்ளே அவளுடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். காதுக்குக் கிடைக்காததைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். போன தடவைக்கு இந்தத் தடவை இளைத்திருக்கிறாளா, நகம் வெளுத்திருக்கிறதா, முடி கொட்டியிருக்கிறதா, போனை எந்தக் கையால் பிடிக்கிறாள், கால் மாற்றி மாற்றி நிற்கிறாளா என்று கவனியுங்கள். வெளியே வந்ததும், டீ குடிக்கப் போகும் முன், ஒரு நோட்டில் தேதி, நேரம் போட்டு எழுதிவிடுங்கள். பின்னால் நீதிமன்றத்தில் ‘உடல்நிலை மோசம்’ என்று பொதுவாகச் சொல்வதைவிட அந்த நோட்டு பல மடங்கு வலுவானது.

மீதி நேரம் அம்மாவுக்கு. எதிர்வீட்டில் கல்யாணம், முருங்கை காய்த்தது, குழந்தைக்குப் பல் விழுந்தது, எதுவானாலும் பேசட்டும். நல்ல சேதிகளை மட்டும் பொறுக்கி எடுத்துச் சொல்ல வேண்டாம். வீட்டில் நடப்பதை எல்லாம் சொல்வதுதான் அவளை வீட்டு மனுஷியாகவே வைத்திருக்கும்.

தனி அறை, சோப்பு, நாப்கின். இந்த மூன்றையும் தனித்தனி விஷயமாகப் பிடியுங்கள். ‘கொடுமைப்படுத்துகிறார்கள்’ என்று ஒரே மனுவாகப் போட்டால் ‘அப்படி எதுவுமில்லை’ என்று ஒரே வரியில் பதில் வரும். விசாரணைக் கைதிக்கு உடை, படுக்கை போன்றவற்றை வெளியிலிருந்து பெற 1894 சட்டத்தின் 31-ஆம் பிரிவே இடம் கொடுக்கிறது. பல மாநில விதிகளுக்கு இன்னமும் அதுதான் அடித்தளம். பெண் கைதிகளுக்கு நாப்கினை இலவசமாகத் தர வேண்டும் என்று 2010-இல் ஐ.நா. ஏற்ற பாங்காக் விதிகளில் 5-ஆம் விதி சொல்கிறது. தனிமைச் சிறை இன்னும் தீவிரமானது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 11-ஆம் பிரிவுப்படி அது குற்றம் நிரூபணமான பிறகு நீதிமன்றம் விதிக்க வேண்டிய தண்டனை, மொத்தம் மூன்று மாதத்துக்கு மேல் போகக் கூடாது. விசாரணைக் கைதியைப் ‘பாதுகாப்புக்காக’ என்று பேர் வைத்து நாளெல்லாம் பூட்டி வைப்பது, தண்டனையைத் தீர்ப்புக்கு முன்பே கொடுப்பது. ஒரு நாளில் 22 மணி நேரமோ அதற்கு மேலோ ஆள் முகம் இல்லாமல் பூட்டி வைப்பதைத்தான் ஐ.நா.வின் நெல்சன் மண்டேலா விதிகள் தனிமைச் சிறை என்கின்றன. 15 நாளைத் தாண்டினால் அதை முற்றாகத் தடை செய்கின்றன. எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள் என்று கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

சின்னப் பொருளுக்கு நீதிமன்றம் வரை போவதா என்று தயங்காதீர்கள். திருச்சி மாவட்டத்தில் பிறந்த பாதிரியார் ஸ்டான் சுவாமி, உபா வழக்கில் சிறையில் இருந்தபோது, நடுக்குவாத நோயால் டம்ளரைப் பிடிக்க முடியாமல், உறிஞ்சுகுழலும் மூடிக் குவளையும் கேட்டு 2020 நவம்பரில் நீதிமன்றத்தை அணுக வேண்டியிருந்தது. பதில் சொல்லப் புலனாய்வு அமைப்பு 20 நாள் கேட்டது. அந்த ஒரு மனு எழுத்தில் இருந்ததால்தான் நாடே அதைப் பேசியது.

உள்ளே நடப்பதை வெளியே சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் அவளைக் கேளுங்கள். வெளியே நாம் போடும் சத்தத்துக்கு உள்ளே விலை கொடுக்கப்போவது அவள். வழக்கறிஞர் சந்திப்பில், யார் காதிலும் விழாத இடத்தில், எதைச் சொல்லலாம், எதை இப்போதைக்கு விட்டுவிடலாம் என்று அவளே முடிவெடுக்கட்டும். அவள் சரி என்றால் படிப்படியாகப் போங்கள். முதலில் சிறைக் கண்காணிப்பாளருக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால். அடுத்து வழக்கு நடக்கும் நீதிமன்றம். வாய்தா அன்று நீதிபதியிடம் அவளே நேரடியாகச் சொல்லி, அதைப் பதிவு செய்யச் சொல்லலாம். காணொளியில் ஆஜர்படுத்தினால் சிறை அதிகாரி பக்கத்திலேயே இருப்பார், அதனால் நேரில் ஆஜர்படுத்தக் கேளுங்கள். அதற்குப் பிறகு தேசிய மனித உரிமை ஆணையம், தேசிய மகளிர் ஆணையம். சிறைக்குள் போய்ப் பார்வையிடும் அதிகாரம் இரண்டுக்கும் உண்டு. பத்திரிகைக்குப் போவது கடைசிப் படி. வீட்டு வாட்ஸ்அப் குழுவில் அரைகுறைத் தகவல் போடுவதைத்தான் நான் வேண்டவே வேண்டாம் என்பேன். ஒரு தப்பான தேதியை வைத்து மொத்தப் புகாரையும் பொய் என்று சொல்லிவிடுவார்கள்.

போக முடியாத மாதங்களில் கடிதம் எழுதுங்கள். ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் 1, 2, 3 என்று எண் போடுங்கள், அனுப்பும் முன் போட்டோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். எந்த எண் போய்ச் சேரவில்லை என்பது அவளுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். தணிக்கையில் தமிழ்க் கடிதம் தேங்கினால், எண்ணோடு சேர்த்துக் கேட்கலாம்.

குழந்தை. அம்மா வெளியூரில் வேலைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான் சொல்வார்கள். ஐந்து வயதுக் குழந்தை இதற்குள் பாதி ஊகித்திருக்கும். சிறை வாசலில் போய்த் தெரிந்துகொள்ள விடாதீர்கள். ‘அம்மா சரின்னு நினைச்சதுக்காகப் பேசினா, போலீஸ் பிடிச்சு வச்சிருக்கு, வெளிய கொண்டுவர நாம முயற்சி பண்றோம்’ என்று அதன் பாஷையில் சொல்லுங்கள். இந்த முறை அழைத்துப் போக வேண்டாம். அம்மாவும் நீங்களும் முதலில் போய் இடத்தைப் பாருங்கள். அதற்குள் கண்ணாடி இல்லாமல் தாயின் மடியில் குழந்தை உட்காரும்படி ஒரு சந்திப்புக்கு நீதிமன்றத்தில் அனுமதி கேளுங்கள். பாங்காக் விதிகளில் 28-ஆவது இதைத்தான் சொல்கிறது. தண்டனையாகக்கூடப் பெண் கைதிக்குக் குடும்பத் தொடர்பை, குறிப்பாகக் குழந்தைகளோடு உள்ள தொடர்பை, அறுக்கக் கூடாது என்கிறது 23-ஆவது. ஆறு வயது வரை குழந்தை தாயோடு சிறையிலேயே இருக்கலாம் என்று 2006-இல் ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் நாளெல்லாம் பூட்டிய அறையில் இருக்கும் தாயிடம் குழந்தையை அனுப்ப நான் சொல்ல மாட்டேன்.

தமிழ்நாட்டுச் சிறைக்கு மாற்றுவது இப்போது நடக்காது. கைதிகளை மாநிலம் விட்டு மாநிலம் மாற்றும் 1950-ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனை பெற்றவர்களுக்கே பொருந்தும். வழக்கையே மாற்ற வேண்டுமானால் உச்ச நீதிமன்றம் போக வேண்டும். அதில் செலவழிக்கும் பணத்தையும் தெம்பையும் ஜாமீனுக்குச் செலவழிப்பது மேல்.

பணம் ஒரு தடையாக இருந்தால் தெரிந்துகொள்ளுங்கள்: பெண் என்பதாலும், காவலில் இருப்பவர் என்பதாலும், வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி பெற உங்கள் தங்கைக்கு உரிமை உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம், அல்லது கடலூர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போய், அந்த ஊர் ஆணைக்குழுவுக்குக் கடிதம் எழுதித் தரச் சொல்லலாம்.

அம்மாவின் சர்க்கரைக்காக ஒன்று. வாசலில் பை, போன், மாத்திரை எல்லாவற்றையும் வெளியே வைக்கச் சொல்வார்கள். முறை வர மணிக்கணக்காகலாம், உள்ளே வாங்கிச் சாப்பிட ஒன்றும் இருக்காது. டாக்டர் சீட்டின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, பதிவேட்டில் பெயர் எழுதும்போதே வயதையும் நோயையும் சொல்லி, முன்னால் விடக் கேளுங்கள். காலையில் சாப்பிட வைத்து, மாத்திரை போட வைத்து, அதன் பிறகு வாசலுக்குக் கூட்டிப்போங்கள்.